ஸ்பைடர்மேன் எந்தக் கரைக்காரர்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரம். டிஸ்னியின் மிகப் பெரிய தீம் பார்க் அங்கேதான் இருக்கிறது. ஸ்பைடர்மேன், ஹல்க், கேப்டன் அமெரிக்கா, எக்ஸ்-மென் எல்லோருக்கும் இன்றைக்குச் சொந்தக்காரர் டிஸ்னி. ஆனாலும் அந்தப் பூங்காவுக்குள் ஸ்பைடர்மேன் பெயரில் ஒரு ரைடு கட்ட டிஸ்னியால் முடியாது. ஹல்க் பெயரில் ரோலர் கோஸ்டர் வேண்டுமா? அதே ஊரில் போட்டிக் கம்பெனி யூனிவர்சல் நடத்தும் ‘ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்’ பூங்காவுக்குத்தான் போயாக வேண்டும். அங்கே 1999 முதல் ஹல்க் உறுமிக்கொண்டிருக்கிறார்.

சொந்தக்காரர் வாசலுக்கு வெளியே நிற்க, போட்டியாளர் உள்ளே கல்லா கட்டுகிறார். எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லி வந்த நிலை அல்ல இது. இரு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட ஒரு பழைய ஒப்பந்தத்தின் விளைவு. அந்த ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், கற்பனைப் பாத்திரம் என்பது எவ்வளவு வினோதமான சொத்து என்று புரியும். அந்த ஒப்பந்தத்தை நம்பிக் கட்டிய ரைடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், நம் கண்ணும் காதும் எவ்வளவு சுலபமாக ஏமாறுகின்றன என்று புரியும். இரண்டு வியப்புக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

நதி கிழித்த கோடு

1994 மார்ச்சில் மார்வெல் நிறுவனமும், அப்போது யூனிவர்சலின் தாய்க் கம்பெனியாக இருந்த எம்.சி.ஏ.வும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அன்றைய மார்வெல் ஒரு காமிக்ஸ் கம்பெனி, அவ்வளவுதான். ‘அயர்ன் மேன்’ படம் வந்து உலகத்தைப் புரட்டிப்போட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. இடையில் 1996 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவால் மனுவே போட்டது. அப்படிப்பட்ட ஒரு கம்பெனிக்கு, பெரிய தீம் பார்க் ஒன்றில் தன் நாயகர்களுக்கென்றே ஒரு தீவு அமைகிறது என்பது கசக்கிற செய்தியா என்ன?

அமெரிக்காவை எப்படிப் பிரிப்பது? நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் மிசிசிப்பி நதியை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். நதிக்குக் கிழக்கே, எம்.சி.ஏ. பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாத்திரங்களை வேறு எந்தத் தீம் பார்க்குக்கும் மார்வெல் தரக் கூடாது. நதிக்கு மேற்கே தரலாம். புளோரிடா கிழக்கே இருக்கிறது, கலிபோர்னியா மேற்கே. ஆகவே கலிபோர்னியா டிஸ்னியில் ஸ்பைடர்மேன் சுவரேறலாம். புளோரிடா டிஸ்னியில் ஏற முடியாது.

அடுத்த ஷரத்து இன்னும் சுவாரசியமானது. ‘பயன்படுத்துவது’ என்றால் என்ன? அந்தப் பாத்திரம் ஒரு ரைடில் முக்கிய இடம் பெற்றாலும் சரி, வேஷம் போட்ட ஆளாகப் பூங்காவில் நடமாடினாலும் சரி, கடைக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ அலங்காரக் கருப்பொருளாக இருந்தாலும் சரி, கூடவே பூங்காவின் விளம்பரத்திலும் இடம்பெற்றிருந்தால் பயன்படுத்துவதாகவே கணக்கு. ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டால் அவரோடு சேர்ந்த ‘குடும்பம்’ முழுதும் மாட்டிக்கொள்ளும். அவெஞ்சர்ஸ் ஒரு குடும்பம், ஃபென்டாஸ்டிக் ஃபோர் இன்னொரு குடும்பம். நாயகனோடு மோதும் வில்லன்களும் குடும்பத்தில் அடக்கம். நம் ஊர் ரேஷன் கார்டில்கூட எதிராளியைச் சேர்க்க மாட்டார்கள், இங்கே சேர்த்திருக்கிறார்கள்.

2009 ஆகஸ்ட் 31 அன்று, சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கைமாறியும் விட்டது. ஆனால் பழைய ஒப்பந்தம் அப்படியே நின்றது. நீண்டகாலக் குத்தகைக்கு விட்ட தோப்பை விலைக்கு வாங்குகிறவர், குத்தகைதாரரையும் சேர்த்தேதான் வாங்குகிறார். பத்திரம் தன் பெயருக்கு மாறிவிட்டது என்பதற்காக மறுநாள் காலையில் போய்த் தேங்காய் பறிக்க முடியாது. இந்தக் குத்தகையில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. ஆர்லாண்டோவைப் பொறுத்தவரை, இத்தனையாவது ஆண்டில் முடிகிறது என்று அதில் தேதி போடவில்லை. யூனிவர்சல் விதிமுறைகளைக் காப்பாற்றிப் பாத்திரங்களைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும்வரை உரிமையும் தொடரும்.

டிஸ்னி என்ன செய்தது? ஓட்டை எங்கே என்று தேடியது. ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ குழுவை யூனிவர்சல் தன் பூங்காவில் பயன்படுத்தியிருக்கவில்லை. அந்தக் குடும்பத்தை வைத்து 2022 மே மாதம் புளோரிடாவிலேயே, தன் எப்காட் பூங்காவில், ஒரு ரோலர் கோஸ்டரைத் திறந்தது. பெயர் ‘காஸ்மிக் ரிவைண்ட்’. அந்தப் பெயரில் ‘மார்வெல்’ என்ற சொல் எங்கும் இல்லை. காரணம் அதே ஒப்பந்தம்தான். அமெரிக்காவில் வேறு தீம் பார்க்குக்கு உரிமை கொடுத்தாலும், தனித்தனிப் பாத்திரங்களைத்தான் கொடுக்கலாம்; ‘மார்வெல்’ என்ற பெயரைத் தூக்கிப் பிடித்து விளம்பரம் செய்ய விடக் கூடாது.

இதன் விளைவைப் பெயர்ப் பலகையிலேயே பார்க்கலாம். கலிபோர்னியாவில் 2021 ஜூனில் டிஸ்னி திறந்த பகுதியின் பெயர் ‘அவெஞ்சர்ஸ் கேம்பஸ்’. பாரிஸ் அருகே 2022 ஜூலையில் அதே கருவில் திறந்த பகுதியின் பெயர் ‘மார்வெல் அவெஞ்சர்ஸ் கேம்பஸ்’. நிறுவனமும் அதுவே, நாயகர்களும் அவர்களே. ஒரு கடலைத் தாண்டியதும் ஒரு சொல் கூடிவிட்டது.

ஜப்பானில் இன்னொரு கணக்கு

கடல் தாண்டினால் எல்லாம் தளர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் ஆட்டம் வேறு. ஒசாகா நகரில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் 2001 மார்ச் 31 அன்று திறந்தது. அங்கே 2004 ஜனவரி 23 அன்று ஸ்பைடர்மேன் ரைடு ஓடத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஸ்பைடர்மேன் டிஸ்னி வசமாகிறார். அதற்குப் பிறகும் ஒசாகாவில் அவர் யூனிவர்சலுக்காகவே சுவரேறிக்கொண்டிருந்தார். 2024 ஜனவரி 22 அன்று அந்த ரைடு மூடப்பட்டது. பிறந்த தேதிக்கும் மூடிய தேதிக்கும் இடையே கச்சிதமாக 20 ஆண்டுகள்.

அதே ஜப்பானில் டோக்கியோ டிஸ்னிலேண்ட் இருக்கிறதே, அது டிஸ்னிக்குச் சொந்தமானதுதானே என்று கேட்கலாம். இல்லை. 1983 ஏப்ரல் 15 அன்று திறந்த அந்தப் பூங்காவைக் கட்டியதும் நடத்துவதும் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னியிடமிருந்து உரிமம் வாங்கி, ராயல்டி கட்டி நடத்துகிறது. ஆக ஜப்பானில் மிக்கி மவுஸே உரிமத்தில்தான் வாழ்கிறார்.

ஹாங்காங்கில் குறுக்கே நிற்கும் குத்தகைதாரர் யாரும் இல்லை. அதனால்தான் டிஸ்னி பூங்காக்களிலேயே முதன்முதலாக மார்வெல் ரைடு ஒன்று திறந்த இடம் ஹாங்காங்: 2017 ஜனவரியில், அயர்ன் மேன் பெயரில். துபாயில் கதை மூன்றாவது விதம். 2016 ஆகஸ்டில் திறந்த ‘ஐ.எம்.ஜி. வேர்ல்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்’ குளிரூட்டிய பெரிய கூரையின் கீழ் அமைந்த பூங்கா. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துப்போகிற இடம். அங்கே ஒரு பக்கம் மார்வெல் பகுதி. இன்னொரு பக்கம் கார்ட்டூன் நெட்வொர்க் பகுதி. முதலாவது டிஸ்னி வீட்டுப் பிள்ளைகள், இரண்டாவது வார்னர் வீட்டுப் பிள்ளைகள். தியேட்டரில் முட்டிக்கொள்ளும் இரண்டு கம்பெனிகளின் பாத்திரங்கள், மூன்றாவது ஒருவரின் கூரைக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

ஸ்பைடர்மேன் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் மார்வெலுடையது. மார்வெல் டிஸ்னியுடையது. சினிமா உரிமை 1999 முதல் சோனியிடம். ஆர்லாண்டோவில் தீம் பார்க் உரிமை யூனிவர்சலிடம். துபாயில் ஐ.எம்.ஜி.யிடம். ஒரே சிவப்பு-நீலச் சட்டைக்குள் இத்தனை பேர்! நிலத்தை இரண்டு பேருக்குக் கொடுத்தால் வரப்புத் தகராறு வரும். பாத்திரத்தை இருநூறு பேருக்குக் கொடுக்கலாம். எந்த ஊரில், எந்த வடிவத்தில், எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் இருந்தால் போதும்.

ஓடும் வண்டிக்கு ஓடும் படம்

சரி, இத்தனை பேர் இப்படிக் கட்டிப் புரளும் அளவுக்கு அந்த ஸ்பைடர்மேன் ரைடில் என்ன இருந்தது? 1999-இல் ஆர்லாண்டோவில் திறந்தபோது தீம் பார்க் உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குக் காரணம் நாயகன் அல்ல, வடிவியல்.

12 பேர் உட்காரும் வண்டி. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு பேர். முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இரவு நேர நியூயார்க் தெருக்களாக அமைத்த அரங்குக்குள் வண்டி தண்டவாளத்தில் போகும். சில இடங்களில் உண்மையான சுவரும் விளக்குக் கம்பமும் இருக்கும். சில இடங்களில் பெரிய திரை. எது சுவர், எது திரை என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் சாதனை.

அதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். சினிமாத் தியேட்டரில் நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஓடும் வண்டியில் நம் கண் இருக்கும் இடம் நொடிக்கு நொடி மாறுகிறது. ரயில் ஜன்னலிலிருந்து வெளியே பார்க்கும்போது பக்கத்துப் பனைமரம் விர்ரென்று பின்னால் ஓடும், தூரத்து மலை அசையாமல் கூடவே வரும். இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான் எது அருகே, எது தொலைவில் என்று மூளை கணக்குப் போடுகிறது. திரையில் இருக்கும் பனைமரமும் மலையும் ஒரே துணியில், ஒரே தூரத்தில் இருக்கின்றன. வண்டி நகர்ந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் நழுவும். அடுத்த கணமே மூளை ‘இது வெறும் போஸ்டர்’ என்று கண்டுபிடித்துவிடும்.

இதற்கான விடையின் முதல் பாதியைக் கிரிக்கெட் ஆட்டத்தில் பார்த்திருப்பீர்கள். ஸ்டம்புக்குப் பின்னால், எல்லைக்கோட்டை ஒட்டி, விளம்பரப் பலகை ஒன்று நிமிர்ந்து நிற்பதுபோல டிவியில் தெரியும். ஃபீல்டர் அதன்மேலேயே ஓடிப்போவார், பலகை விழாது. ஏனென்றால் அங்கே பலகையே இல்லை. புல்தரையில் தட்டையாகப் போட்ட படம் அது. எழுத்துகளைத் தாறுமாறாக நீட்டி, கோணலாக்கி, மேலே இருக்கும் அந்த ஒரு கேமராவிலிருந்து பார்த்தால் மட்டும் நேராகத் தெரியும்படி வரைந்திருப்பார்கள். சேப்பாக்கத்தில் எதிர்ப்பக்க கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் அதே படம் இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி இருக்கும். கோணல் படம் கோணலாகத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால், பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்து வரைய வேண்டும்.

ஸ்பைடர்மேன் குழு இதன் இரண்டாவது பாதியைச் செய்தது. பார்ப்பவர் நிற்கவில்லை, ஓடுகிறார் என்றால்? அப்படியானால் கோணலும் அவரோடு ஓட வேண்டும். வண்டி எந்தப் பாதையில், எந்த நொடியில், எந்த இடத்தில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். அந்தப் பாதையை எடுத்துக்கொண்டு, படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் அந்தக் கணத்தில் கண் இருக்கும் புள்ளிக்கு ஏற்றபடி கணினியில் திரித்து வரைந்தார்கள். திரையின் முன்னே நடந்துபோய்ப் பார்த்தால் கட்டடங்கள் வளைந்து நெளிந்து சாயும். வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் கட்டடம் ஆடாமல் நிற்கும். தெரு ஆழமாகப் போகும். மூலையைத் திரும்பும்போது பக்கச் சுவர் மெல்ல வெளிப்படும். அனிமேஷன் செய்தவர்கள் இந்தத் திரிப்புக்கு ‘ஸ்க்வின்சிங்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

இதில் ஒரு சமரசம் உண்டு. கணக்குப் போடுவது ஒரே ஒரு புள்ளிக்கு. வண்டியில் இருப்பதோ 12 பேர். அந்தப் புள்ளியை ஒட்டி உட்கார்ந்தவருக்கு உலகம் கச்சிதமாக இருக்கும். ஓரத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் பிசகும். வண்டி நடுவில் நின்றுபோனாலோ பிசகு எல்லோருக்கும் தெரிந்துவிடும். படமும் சக்கரமும் ஒரே கடிகாரத்தில் ஓடினால்தான் மாயம் நிற்கும்.

காதுக்குள் இருக்கும் தராசு

கண்ணை ஏமாற்றினால் போதாது. உடம்பு அசைவதை உணரும் கருவி காதுக்குள் இருக்கிறது. உள்காதில் இரண்டு சிறு பைகள். அவற்றில் பசைபோன்ற படலத்தின்மேல் சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் வேகமெடுக்கும்போது அந்தப் படிகங்கள் பின்தங்கும். அடியில் இருக்கும் நுண்மயிர்கள் வளையும். ‘முன்னால் பாய்கிறோம்’ என்று மூளைக்குச் செய்தி போகும். ஆனால் தலையைப் பின்னால் சாய்த்தாலும் அதே படிகங்கள் அதே பக்கம் சரியும். அதே செய்திதான் போகும். சாய்வா, வேகமா? இந்தக் கருவியால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. கண் சாட்சி சொன்னால்தான் தீர்ப்பு.

ரைடு வடிவமைப்பவர்கள் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறார்கள். வண்டியைப் பின்னால் சாய்க்கிறார்கள். அதே நேரம் திரையில் உலகம் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. கண் ‘வேகம்’ என்று சாட்சி சொல்லிவிட்டது. மூளை ‘வேகம்’ என்றே எழுதிக்கொள்கிறது. 30 பாகை சாய்ந்தால் முதுகுப் பக்கம் விழும் விசை நம் எடையில் பாதி. நல்ல பந்தயக் கார் கிளம்பும்போது சீட்டில் அழுந்துகிறோமே, அந்த உணர்வு. வண்டியோ நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். சாய்ப்பதை மட்டும் மெல்லச் செய்ய வேண்டும். நொடிக்குச் சில பாகைக்கு மேல் போனால் உள்காதின் இன்னொரு பகுதியான அரைவட்டக் குழல்கள் திருகலைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பைடர்மேன் ரைடின் உச்சம், உயரமான கட்டடத்தின் மேலிருந்து 400 அடி கீழே விழுவது. வண்டி உண்மையில் கீழே விழுவதே இல்லை. அதன் மூக்கு கொஞ்சம் கவிழும், குலுங்கும். திரையில் மாடிகள் மேல்நோக்கிப் பறக்கும். அவ்வளவுதான். எழும்பூரில் நம் ரயில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்து ரயில் கிளம்பினால் நாம் கிளம்பியதாகவே தோன்றும். பார்வைப் புலம் முழுதும் ஒரே திசையில் நகர்ந்தால், நகர்வது உலகமல்ல, நான்தான் என்று முடிவுகட்டுவது மூளையின் பழக்கம். வாழ்நாள் முழுக்க அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தப் பிழைப்பு.

வண்டியை ஆறு விதமாக அசைக்கிறது அடியில் இருக்கும் மேடை: முன்-பின், இட-வலம், மேல்-கீழ் என மூன்று நகர்வு, கவிழ்தல், சாய்தல், திரும்புதல் என மூன்று சுழற்சி. இத்தகைய ஆறு கால் மேடையின் முன்னோடி எங்கே பிறந்தது தெரியுமா? தீம் பார்க்கில் அல்ல. 1950-களில் பிரிட்டனில் டன்லப் கம்பெனியில் எரிக் காஃப் என்ற பொறியாளர் டயர்களைச் சோதிக்கச் செய்த இயந்திரம் அது. அங்கிருந்து விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டருக்குப் போய், கடைசியில் ஸ்பைடர்மேனுக்கு வந்து சேர்ந்தது.

பாத்திரம் போகும், வித்தை நிற்கும்

இந்த நுட்பம் யாருடையது? மார்வெலுடையது அல்ல. மார்வெல் கொடுத்தது முகமூடியும் கதையும். ஓடும் படத்தின் வித்தை யூனிவர்சலின் கையில். முகமூடியைத் திருப்பிக் கொடுத்தாலும் வித்தை கூடவே இருக்கும்.

இதற்குச் சாட்சி சிங்கப்பூரில் இருக்கிறது. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் அந்த நாட்டில், செந்தோசாத் தீவின் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் 2011 டிசம்பரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடைத் திறந்தது. ஹாலிவுட்டுக்கும் ஆர்லாண்டோவுக்கும் முன்னாலேயே, உலகத்தில் முதலாவதாக. ஸ்பைடர்மேன் ரைடின் உருவாக்கத்தில் பங்கேற்ற டியெரி கூப்தான் இதற்குத் தலைமை. அதே 12 பேர் வண்டி, அதே ஓடும் திரிப்பு, அதே சாய்வுத் தந்திரம். நாயகர்கள் மட்டும் வேறு: பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோவின் ரோபோக்கள். அவற்றை வைத்துச் சினிமா எடுத்தது பாரமவுண்ட், சினிமாவில் யூனிவர்சலின் போட்டியாளர். பொம்மை ஒருவருடையது, படம் இன்னொருவருடையது, ரைடு மூன்றாமவருடையது. ஆர்லாண்டோ கதைதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

நான் இருக்கும் தெற்கு அந்தமானின் சௌல்தாரிக்கு மிக அருகில் உள்ள யூனிவர்சல் பூங்கா அந்தச் சிங்கப்பூர்ப் பூங்காதான். நேர்கோட்டில் சுமார் 1,700 கிலோமீட்டர். சென்னையே 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் ஸ்பைடர்மேன் இங்கே வராமல் இல்லை. கடைத்தெருவில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதங்களில் வரிசையாகத் தொங்கும் புத்தகப்பைகளில் பாதி அவர்தான். அப்படி ஒரு பையை வாங்கும்போது, உள்ளே தையலில் சேர்த்திருக்கும் சிறு துணித்துண்டைப் புரட்டிப் பாருங்கள். முறையாக உரிமம் வாங்கிய பையானால் மார்வெலின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், உரிமம் பெற்ற இந்தியக் கம்பெனியின் பெயர் இருக்கும். சிலவற்றில் எந்தெந்த நாட்டில் விற்கலாம் என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். மிசிசிப்பி நதியை வைத்துக் கோடு கிழித்தார்களே, அந்தக் கோட்டின் சிறுவடிவம் இந்தத் துணித்துண்டு. பல பைகளில் துணித்துண்டே இருக்காது. சிலந்தியின் கால்களும் எட்டுக்குப் பதில் ஆறாக இருக்கும். அது வேறு உலகம்.

சிவகாசியும் நாகராஜும்

வெளிநாட்டு நாயகரை உரிமம் வாங்கிக் கொண்டுவருவது தமிழுக்குப் புதிதல்ல. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தபோது, முதல் இதழின் நாயகர் இரும்புக்கை மாயாவி. ஆள் பிரிட்டிஷ்காரர், லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் சித்திரத்தொடரில் 1962-இல் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதரைத் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்க்காரராகவே எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் அவர் மறக்கப்பட்ட பிறகும் சிவகாசியில் ஓடிக்கொண்டிருந்தார். வேறொரு கரையில் பாத்திரத்துக்கு வேறொரு ஆயுள் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பாத்திரத்தைச் சொத்தாகப் பார்க்கும் பார்வையும் நம் நீதிமன்றங்களுக்குத் தெரிந்ததுதான். ராஜ் காமிக்ஸின் நாகராஜ், இந்தியில் 1986 முதல் பிரபலமான சூப்பர் ஹீரோ. பச்சைப் பாம்புத்தோல் உடம்பு, சிவப்பு ஜட்டி, இடுப்பில் பாம்பு பெல்ட். இன்னொரு பதிப்பகம் ‘நாகேஷ்’ என்று ஒருவரை, கிட்டத்தட்ட அதே உடம்பும் அதே பாம்புகளுமாகக் களத்தில் இறக்கியது. வழக்கு 1990-களில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாகேஷுக்குத் தடை விழுந்தது. கதை வேறு, பெயர் வேறு என்ற வாதம் நிற்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் இவர் அவர்தான் என்று படுகிறதா என்பதே கேள்வி.

தேதி போடாத பத்திரம்

இடத்தை வைத்து வெட்டலாம், வடிவத்தை வைத்து வெட்டலாம், குடும்பத்தை வைத்து வெட்டலாம். கடைசியாகக் காலத்தை வைத்தும் வெட்டலாம். ஒப்பந்தம் சும்மா இருந்தாலும் காலத்தின் ஒரு வெட்டைச் சட்டமே செய்கிறது. அமெரிக்காவில் அந்தக் காலத்துப் படைப்புகளுக்குப் பதிப்புரிமை 95 ஆண்டுகள். மிக்கி மவுஸின் முதல் வடிவம் 2024 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தானது. ஒசாகாவில் ஸ்பைடர்மேன் ரைடு மூடியதும் அதே மாதத்தில்தான். 1938-இல் பிறந்த சூப்பர்மேனின் முதல் கதை 2034-இல் பொதுவாகும். 1962-இல் பிறந்த ஸ்பைடர்மேனின் முதல் கதைக்கு 2058 வரை பொறுக்க வேண்டும். அப்போதும் பொதுவாவது அந்த முதல் கதை மட்டும். பெயரையும் சின்னத்தையும் வணிகக் குறியாக வைத்திருக்கும் உரிமை தனியே தொடரும்.

இந்தியாவில் இப்போது அனிமேஷன் ஸ்டுடியோக்கள் பெருகிவிட்டன. சென்னையிலும் ஹைதராபாத்திலும் வரைகிற பிள்ளைகள் உலகப் படங்களுக்குக் கூலிக்கு உழைத்த காலம் போய், சொந்தப் பாத்திரங்களைப் படைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு நாள் தடித்த ஒப்பந்தம் ஒன்று வந்து விழும். ‘எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்ற வரி அதில் இருக்கும். கையில் முன்பணம் இருக்கும்போது அந்த வரி கண்ணில் படாது.

மார்வெல் கதையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். 1994-இல் மார்வெல் கோடு கிழித்ததில் தப்பே இல்லை. எந்தக் கரை, எந்தக் குடும்பம், எந்தச் சொல் என்று நுணுக்கமாகவே கிழித்தது. ஆர்லாண்டோவுக்குக் கொடுத்ததில் ஒரே ஒரு கோட்டைத்தான் விட்டுவிட்டது: இந்த உரிமை எந்த நாளில் தீரும் என்ற கோடு. காமிக்ஸ் கடையாக இருந்த கம்பெனி நாளை என்னவாக ஆகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் தேதி வேண்டும். எதிர்காலத்தின் விலை தெரிந்து யாரும் விற்பதில்லை. ஆகவே எதிர்காலத்தை மட்டும் சில்லறையாகத்தான் விற்க வேண்டும், பத்து வருஷம், பத்து வருஷமாக.